தொடர்ந்து ஜெயிக்கும் டீம் நிஜமாகவே கப் அடிக்குமா? கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"ஏழு மேட்ச் வரிசையா ஜெயிச்சிருக்கானுங்க, இந்த வருஷம் கப் நமக்குத்தான் மச்சான்." ஃபுட்பால் சீசன் சூடுபிடித்துவிட்டால் புதுச்சேரியில் இந்தப் பேச்சு காதில் விழாமல் ஒரு டீ குடித்து முடிக்க முடியாது. பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகளில் பிஎஸ்ஜி, மார்செய், லான்ஸ் என்று ஓடும். கல்லூரிப் பசங்களுக்கு இங்கிலாந்தின் பிரீமியர் லீக். நம் நாட்டு லீகான ஐஎஸ்எல் என்று வந்துவிட்டால் புதுச்சேரி, கடலூர் இரண்டிலும் சென்னையின் எஃப்சி. டீம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். இது கடைசி வரை நிற்கிற ஆட்டமா, இல்லை நாலு வாரத்தில் அடங்கிவிடுமா?

இதற்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, பாயின்ட்ஸ் டேபிள், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு டீம் எத்தனை கோல் அடிக்கிறது என்பதில் பாதி விஷயம்கூடத் தெரியாது. எதிராளிக்கு எத்தனை நல்ல வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறது என்பதில்தான் பட்டம் வாங்கும் டீம் தெரியும். கீழே வரும் படிகளில் நான்காவதுதான் முக்கியம். அவசரமாக இருப்பவர்கள் நேராக அங்கே போகலாம். ஆனால் முதல் இரண்டையும் தாண்டிப் போனால் கணக்கு தப்பும்.

படி 1: எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

லீக் பட்டம் வேறு, தோற்றால் வெளியே என்ற நாக்-அவுட் கப் வேறு. ஐஎஸ்எல்-லில் 2024-25 வரை இரண்டும் இருந்தன. லீக் அட்டவணையில் முதலிடம் பிடிப்பவருக்கு ஷீல்டு. அதன் பிறகு நடந்த பிளே-ஆஃபில் ஜெயிப்பவருக்குக் கப். 2024-25-ல் மோகன் பகான் இரண்டையும் வாங்கியது. 24 ஆட்டத்தில் 56 பாயின்ட் எடுத்த டீம் அது. ஆனால் எல்லா வருடமும் அப்படி அமையாது.

சென்னையின் எஃப்சி கதையே இதற்குச் சரியான பாடம். 2015-ல் ஒரு கட்டத்தில் அட்டவணையில் கடைசி இடத்தில் கிடந்த டீம், லீகின் கடைசி நான்கு ஆட்டங்களையும் ஜெயித்து மூன்றாவதாக முடித்தது. டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள்; அதிலும் கொல்கத்தா டீமான ஏடிகே-யை 3-0 என்று அடித்தார்கள். இறுதிப் போட்டியில் கோவாவை அவர்கள் சொந்த மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்திக் கப்பைத் தூக்கினார்கள். 2017-18-ல் லீக் முடிவில் பெங்களூருவுக்கு 40 பாயின்ட், சென்னையினுக்கு 32. எட்டு பாயின்ட் பின்தங்கிய டீம் இறுதிப் போட்டியில் பெங்களூருவிலேயே 3-2 என்று ஜெயித்தது.

லீக் பட்டம் மட்டும் இருந்திருந்தால் இந்த இரண்டு வருடமும் சென்னையின் பேச்சிலேயே இருந்திருக்காது. அதனால் பிளே-ஆஃப் உள்ள போட்டி என்றால், சரியான நேரத்தில் ஃபார்முக்கு வந்த டீமை நம்பலாம். 34, 38 ஆட்டம் ஓடும் ஐரோப்பிய லீக் என்றால் அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

2015-16 முதல் 2024-25 வரை பத்து பிரீமியர் லீக் சீசன்களைப் பாருங்கள். சாம்பியன் எடுத்த குறைந்தபட்சம் 81 பாயின்ட் (லெஸ்டர்), அதிகபட்சம் 100 (மான்செஸ்டர் சிட்டி, 2017-18). ரொம்பக் கறாராக இல்லாமல் 86 என்று ஒரு இலக்கு வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு கற்பனை டீம். 20 ஆட்டம் முடிந்து 38 பாயின்ட். கடைசி ஏழும் ஜெயம். ஊரே பேசுகிறது. நோட்டில் இப்படி எழுதுங்கள்:

கடைசி 7 ஆட்டம்: 21 பாயின்ட் (ஜெயித்தால் 3, டிரா என்றால் 1).
அதற்கு முந்தைய 13 ஆட்டம்: 17 பாயின்ட்.
இலக்கு 86. மீதி வேண்டியது 48.
மீதி ஆட்டம் 18.

48-ஐ 18-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்கு 2.67. அதாவது மிச்சமுள்ள 18-ல் 16 ஜெயிக்க வேண்டும், இல்லை 15 ஜெயித்து மீதி மூன்றையும் டிரா செய்ய வேண்டும். ஆட்டத்துக்கு 2.5 என்ற வேகத்தில் சீசன் முழுக்க ஓடினாலே 95 பாயின்ட் வந்துவிடும். அந்த வேகத்தைத் தாண்டியவை 100 எடுத்த சிட்டி, 2019-20-ல் 99 எடுத்த லிவர்பூல் மாதிரி டீம்கள்தான். 13 ஆட்டத்தில் 17 பாயின்ட் எடுத்த ஒரு டீம் திடீரென்று அந்த லிவர்பூலாக மாறிவிட்டது என்று நம்ப எனக்கு ஏழு வெற்றி போதாது.

அதே 20 ஆட்டத்தில் 43 பாயின்ட் வைத்திருந்தால் கதை வேறு. இன்னும் 43 வேண்டும், ஆட்டத்துக்கு 2.39. கஷ்டம்தான், ஆனால் நடக்கக்கூடியது. நான் வைத்திருக்கும் கோடு 2.5. தேவைப்படும் வேகம் அதற்கு மேலே போனால் லீக் பட்டத்தை மறந்துவிட்டு முதல் நான்கு இடத்தைப் பற்றிப் பேசலாம்.

முன்னால் ஓடுபவனின் வேகத்தையும் பக்கத்தில் எழுத மறக்காதீர்கள். பிரெஞ்சு லீகில் 2020-21-ல் லீல் 83 பாயின்ட்டில் சாம்பியன், பிஎஸ்ஜி 82. இரண்டு வருடம் கழித்து லான்ஸ் 84 எடுத்தும் இரண்டாம் இடம்தான், ஏனென்றால் பிஎஸ்ஜி 85. இன்னொன்று, 2023-24 முதல் அந்த லீகில் 18 டீம், 34 ஆட்டம். பழைய பாயின்ட்டை அப்படியே எடுத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

படி 3: யாரை ஜெயித்தார்கள்?

இது சீக்கிரம் முடிகிற வேலை. அட்டவணையை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். தொடர் வெற்றியில் எத்தனை மேல்பாதி, எத்தனை கீழ்பாதி? எத்தனை வெளியூரில்? எதிராளி மூன்று நாள் முன்புதான் ஐரோப்பியப் போட்டி ஆடிவிட்டு வந்தாரா? முதல் ஐந்து இடத்தில் உள்ள ஒரு டீமையாவது வெளியூரில் சமாளித்திருக்க வேண்டும் என்பது என் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. லெஸ்டர் 2016 பிப்ரவரியில் சிட்டி மைதானத்துக்கே போய் 3-1 என்று ஜெயித்தபோதுதான் பலரும் அவர்களை நம்ப ஆரம்பித்தார்கள். நம்பினது சரிதான்.

படி 4: வாய்ப்புகளை எண்ணுங்கள்

முதலில் ஒரு உதாரணம். ஸ்பெயினில் 2023-24 சீசன். ஜிரோனா என்ற சின்ன ஊர் டீம் பார்சிலோனாவை இரண்டு தடவையும் 4-2 என்று அடித்து, சீசனின் முதல் பாதியில் பல வாரம் அட்டவணையின் உச்சியிலும் இருந்தது. பார்க்க அவ்வளவு அழகான ஆட்டம். சீசன் முடிவில் ஜிரோனா அடித்த கோல் 85, ரியல் மாட்ரிட் அடித்தது 87. இரண்டே கோல் வித்தியாசம். ஆனால் பாயின்ட்டில் மாட்ரிட் 95, ஜிரோனா 81. எங்கே போனது அந்த 14 பாயின்ட்? வாங்கிய கோலைப் பாருங்கள். மாட்ரிட் 26, ஜிரோனா 46.

4-2 என்று ஜெயிக்கும் டீம் நம்மைச் சீட்டில் உட்கார விடாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் நான்கு கோல் அடிக்க முடியாது. அடிக்க முடியாத வாரத்தில் என்ன நடக்கும் என்பதை டிஃபென்ஸ்தான் தீர்மானிக்கும். 83 பாயின்ட்டில் சாம்பியனான லீல் 38 ஆட்டத்தில் வாங்கியது 23 கோல்தான். 84 எடுத்த லான்ஸ் வாங்கியது 29, அந்த சீசனில் மொத்த லீகிலேயே குறைவு. இரண்டாவதாக முடித்தாலும் லான்ஸ் உண்மையான போட்டியாளர் என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் கோல் எண்ணிக்கைகூட ஏமாற்றும். கோல்கீப்பர் ஒரு மாதம் பறந்து பறந்து பிடித்தால் டிஃபென்ஸ் நன்றாக இருப்பது போலவே தெரியும். அதனால் வாய்ப்புகளை எண்ண வேண்டும். பெரிய ஐரோப்பிய லீகுகளுக்கு ஸ்கோர் ஆப்களிலேயே எக்ஸ்ஜி என்று ஒரு எண் வருகிறது. ஒவ்வொரு ஷாட்டும் அந்த இடத்திலிருந்து, அந்தச் சூழலில் கோலாக எவ்வளவு சாத்தியம் என்பதைக் கூட்டிப் போட்டது அது. பெனால்டி ஒன்றுக்குச் சுமார் 0.78, முப்பது கஜத்திலிருந்து நம்பிக்கையோடு உதைத்தால் 0.03-ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். தொடர் வெற்றியில் உள்ள ஆட்டங்களுக்கு இரு பக்கத்து எக்ஸ்ஜி-யையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். நம் டீம் 16 கோல் அடித்திருக்கிறது, எக்ஸ்ஜி 9 என்று வந்தால் அந்த ஏழு கோல் அதிகப்படி வரவு. அடுத்த ஏழு ஆட்டத்தில் அதே வரவு வரும் என்று நினைக்காதீர்கள்.

ஆப்பில் வராத ஆட்டம் என்றால் கையாலேயே எண்ணலாம். உப்பளம் இந்திரா காந்தி மைதானத்திலோ கடலூர் அண்ணா ஸ்டேடியத்திலோ உட்கார்ந்து உள்ளூர் ஆட்டத்துக்கு இதைச் செய்து பழகினால், டிவியில் பார்க்கும்போது கை தானாக வரும். முறை இதுதான்:

பக்கத்தில் இரண்டு பெனால்டி பாக்ஸ் வரையுங்கள், ஒன்று நமக்கு, ஒன்று எதிராளிக்கு. பாக்ஸுக்கு உள்ளிருந்து வரும் ஒவ்வொரு ஷாட்டுக்கும், அடித்த இடத்தில் ஒரு சின்னக் கோடு. கோல்கீப்பர் மட்டும்தான் எதிரே இருந்தார் என்றாலோ, ஆறு கஜத்துக்குள் காலில் பந்து கிடைத்தது என்றாலோ கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். கோல் ஆனதா, வெளியே போனதா என்று பார்க்காதீர்கள். வாய்ப்பு எப்படிப்பட்டது என்பது மட்டும். பாக்ஸுக்கு வெளியே இருந்து அடித்ததை விட்டுவிடுங்கள். பெனால்டிக்குத் தனியாக ஒரு "பெ".

ஒரு பக்கம் இப்படி வந்தது என்று வையுங்கள். நம் டீம் 2-0 வெற்றி. நம் பாக்ஸ் தாக்குதலில் ஐந்து கோடு, அதில் ஒரே வட்டம். எதிராளிக்கு ஒன்பது கோடு, மூன்று வட்டம். நம் கோல்களில் ஒன்று இருபத்தைந்து கஜத்து ஃப்ரீ கிக், இன்னொன்று பெனால்டி. பேப்பரில் 2-0 என்றுதான் வரும். நோட்டு சொல்வது வேறு: அன்று இரண்டு டீமும் இடம் மாறியிருந்தால் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. தொடர் வெற்றியில் இப்படி ஒரு பக்கம் வந்தால் பரவாயில்லை, எல்லா டீமுக்கும் வரும். ஏழில் நாலு பக்கம் இப்படி வந்தால் அந்த டீம் இறங்கப்போகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2-0 என்று முன்னிலையில் இருக்கும் டீம் பின்னால் இறங்கி ஆடும், எதிராளி அடித்துக்கொண்டே இருப்பார். அப்போது வரும் கோடுகளை வைத்து டிஃபென்ஸ் மோசம் என்று சொல்வது நியாயமில்லை. அதனால் ஸ்கோர் சமமாக இருக்கும் நேரத்துக் கோடுகளை மட்டும் வேறு மையில் போடுங்கள். 0-0, 1-1 என்று இருக்கும்போது யார் யாரை நெருக்குகிறார்கள் என்பதில்தான் டீமின் உண்மையான பலம் தெரியும்.

சென்னையினின் 2019-20 சீசனை இந்தக் கண்ணோடு பாருங்கள். டிசம்பரில் ஓவன் காயில் கோச்சாக வந்த பிறகு எழுந்து நின்ற டீம், நான்காவதாக முடித்து பிளே-ஆஃபுக்குப் போனது. ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் 15 கோல். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று அடித்தார்கள். ஆனால் கோவாவில் போய் 2-4 தோல்வி. மொத்தக் கணக்கில் 6-5 என்று தப்பித்தார்கள். இறுதிப் போட்டியில் ஏடிகே-யிடம் 1-3. முன்வரிசை அவ்வளவு அருமையாக ஆடியும், பின்னால் விட்டுக்கொடுத்தது கடைசியில் திரும்ப வந்து நின்றது. ரசிகனாக அந்த சீசனை மறக்க மாட்டேன். கணக்காகப் பார்த்தால் அந்த முடிவு எதிர்பாராதது இல்லை.

படி 5: என்ன மாறியது என்று பெயர் சொல்லிச் சொல்ல முடியுமா?

"ஃபார்முக்கு வந்துட்டாங்க" என்பது பதில் இல்லை. ஏன் வந்தார்கள்? புது கோச், காயத்திலிருந்து திரும்பிய ஆள், இடம் மாற்றி ஆடவைத்த மிட்ஃபீல்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடிய வேண்டும். லெஸ்டர் 2015-16 சீசன் தொடக்கத்தில் கோல் அடித்துக் கோல் வாங்கும் டீமாகத்தான் இருந்தது. முதல் ஒன்பது ஆட்டத்திலும் கோல் வாங்காமல் ஒன்றுகூட முடியவில்லை. ஆர்சனலிடம் 2-5 என்று தோற்ற பிறகு கோச் ரனியேரி இரண்டு ஓரத்து டிஃபெண்டர்களையும் மாற்றி ஃபூக்ஸையும் சிம்ப்சனையும் கொண்டுவந்தார். ஸ்ட்ரைக்கர் வார்டியின் கோல்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆனால் மார்ச், ஏப்ரலில் வாட்ஃபோர்ட், நியூகாசில், கிறிஸ்டல் பேலஸ், சவுத்தாம்ப்டன் என்று வரிசையாக நான்கு ஆட்டத்தை 1-0 என்று முடித்தார்களே, பட்டம் அங்கேதான் வந்தது.

காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் அது நிற்கும். முடியாவிட்டால் படி 4-க்குத் திரும்பிப் போய் கோல்கீப்பரையும் பெனால்டிகளையும் பாருங்கள்.

படி 6: ஒரு ஆளை எடுத்துவிட்டுப் பாருங்கள்

டீம் லிஸ்டை எழுதி, இவர் இல்லாவிட்டால் யார் என்று ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது பெயர் எழுதுங்கள். எழுதக் கை தயங்கும் இடம்தான் ஆபத்தான இடம்.

கேரளா பிளாஸ்டர்ஸ் 2023-24-ல் முதல் 12 ஆட்டத்தில் 26 பாயின்ட், டிசம்பர் இடைவேளையில் அட்டவணையில் முதலிடம். பக்கத்து மாநிலம் கொண்டாடிக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரிலேயே கேப்டன் ஏட்ரியன் லூனாவுக்கு முழங்காலில் காயம். ஜனவரியில் முன்வரிசை வீரர் பெப்ராவும் போனார். மீதி 10 ஆட்டத்தில் வந்தது வெறும் 7 பாயின்ட். ஐந்தாவதாக முடித்தார்கள்.

ஆர்சனல் 2022-23 இன்னும் வலி. அந்த சீசனின் பெரும்பகுதி அவர்கள்தான் முதலிடம். மார்ச் நடுவில் டிஃபெண்டர் சலிபாவுக்கு முதுகில் காயம். ஏப்ரலில் லிவர்பூலிலும் வெஸ்ட் ஹாமிலும் 2-0 என்று முன்னிலையில் இருந்து 2-2, சொந்த மைதானத்தில் சவுத்தாம்ப்டனோடு 3-3. முன்வரிசை வழக்கம்போல அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு சென்டர்-பேக் இல்லாதது எல்லாவற்றையும் சாய்த்தது. அதனால்தான் காயப் பட்டியலில் ஸ்ட்ரைக்கரைவிட டிஃபெண்டர் பெயர் வந்தால் நான் அதிகம் கவலைப்படுவேன்.

படி 7: காலண்டர்

மிச்ச ஆட்டங்களில் எத்தனை வெளியூர், நடுவில் ஐரோப்பியப் போட்டியோ உள்நாட்டுக் கப்போ எத்தனை. லெஸ்டருக்கு அந்த வருடம் ஐரோப்பியப் போட்டியே கிடையாது. வாரம் முழுக்க ஓய்வு. மூன்று போட்டியில் ஆடும் டீமுக்கு அந்த வசதி இருக்காது. இவ்வளவு பார்த்தால் போதும்.

படி 8: நேருக்கு நேர் மோதும் ஆட்டம்

லான்ஸ் கதையின் மிச்சம் இங்கே வருகிறது. 2023 ஏப்ரல் 15 இரவு, நம் நேரத்துக்கு ஏப்ரல் 16 நள்ளிரவு 12.30. பாரிஸில் பிஎஸ்ஜி-யோடு லான்ஸ். ஆறு பாயின்ட் இடைவெளி, ஜெயித்தால் மூன்று. நன்றாகத்தான் தொடங்கினார்கள். 19-வது நிமிடத்தில் மிட்ஃபீல்டர் சாலிஸ் அப்துல் சமதுக்குச் சிவப்பு அட்டை. அதன் பிறகு முதல் பாதி முடிவதற்குள் எம்பாப்பே, விட்டின்யா, மெஸ்ஸி என்று மூன்று கோல். 3-1 என்று முடிந்தது, இடைவெளி ஒன்பதானது.

அதற்குப் பிறகு லான்ஸ் செய்ததுதான் பெரிது. மிச்சமிருந்த ஏழு ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். 63-ல் நின்ற டீம் 84-ல் முடித்தது. பாரிஸில் அந்த ஒரு இரவை டிரா செய்து, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் லான்ஸுக்கு 85, பிஎஸ்ஜி-க்கு 83. நேரடி மோதல் ஒன்றின் எடை அவ்வளவு. எனவே பட்டப் போட்டியில் உள்ள மற்ற டீம்களோடு எத்தனை ஆட்டம் பாக்கி, அவை எந்த மைதானத்தில் என்று தேதியோடு எழுதி வையுங்கள். அந்த ஆட்டங்களுக்கு முன் மஞ்சள் அட்டைத் தடையில் யார் மாட்டப்போகிறார்கள் என்பதையும் சேர்த்து.

முடிவு எழுதும் முறை

போட்டியாளர் என்பது வேறு, சாம்பியன் என்பது வேறு. 2023 மே 27 அன்று டார்ட்மண்ட் சொந்த மைதானத்தில் மைன்ஸை ஜெயித்தால் ஜெர்மன் பட்டம் கையில். 2-2 டிரா. அதே நேரத்தில் கொலோனில் 89-வது நிமிடத்தில் முசியாலா அடித்த கோலில் பயர்ன் ஜெயித்தது. இரு டீமுக்கும் 71 பாயின்ட், கோல் வித்தியாசத்தில் பயர்ன் சாம்பியன். டார்ட்மண்ட் உண்மையான போட்டியாளர் இல்லை என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் மூன்றில் ஒன்றைத்தான் எழுதுவேன். தேவையான வேகம் 2.5-க்குக் கீழே, சமநிலை நேரத்தில் எதிராளியைவிட வட்டம் அதிகம், காயத்தைத் தாங்கும் பெஞ்ச், மூன்றும் இருந்தால் "பட்டம்". பாயின்ட் கணக்கில் எட்டாது, ஆனால் வாய்ப்புக் கணக்கு நன்றாக இருக்கிறது என்றால் "கப்". பிளே-ஆஃபிலோ நாக்-அவுட்டிலோ யாருக்கும் தொந்தரவு கொடுக்கும் டீம் அது. வாய்ப்புக் கணக்கு கவிழ்ந்திருந்தால், எத்தனை வெற்றி வரிசையாக வந்திருந்தாலும் "பார்க்கலாம்".

ஐந்து ஆட்டத்துக்கு ஒரு தடவை படி 2, 4, 6-ஐ மட்டும் புதுப்பித்தால் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற்றினால் கடைசியாகப் பார்த்த ஸ்கோர்தான் தலையில் நிற்கும். முதல் சென்டர்-பேக் ஸ்ட்ரெச்சரில் வெளியே போன இரவு மட்டும் விதிவிலக்கு. அன்றே நோட்டைத் திறந்து படி 6-ஐ மறுபடி எழுதுங்கள்.